ஜெர்மனியில் படிப்பு, ஊர், பழக்கவழக்கம்: கேள்வி பதில்

ட்ரெஸ்டனில் முதுநிலை முடித்துவிட்டு இப்போது டார்ட்முண்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். புதிதாக வரும் நம் மாணவர்களுக்கு வீடு பார்ப்பது, பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போவது எல்லாம் இங்கே எனக்கு வாடிக்கை. அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். விசா, ஏஜென்ட், எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்பவை என் துறை இல்லை. ஊரைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் கேளுங்கள்.

அக்கா, அக்டோபரில் கோவையிலிருந்து கிளம்புகிறேன். போனதும் எது ரொம்ப வித்தியாசமாகத் தெரியும்?

அமைதிதான். பேருந்தில் நாற்பது பேர் இருப்பார்கள், சத்தமே இருக்காது. முதல் ஞாயிற்றுக்கிழமை இன்னும் திகைப்பாக இருக்கும். சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எல்லாம் மூடியிருக்கும். காலையில் சில பேக்கரிகள், ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்க், அவ்வளவுதான். சனிக்கிழமையே பாலும் அரிசியும் வாங்கி வைத்துவிடுங்கள். இது வெறும் பழக்கமும் இல்லை. ஞாயிறு ஓய்வு நாள் என்று 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பில் எழுதினார்கள். இன்றைய அரசியலமைப்புச் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அடுத்தது தபால் பெட்டி. இதை ஒவ்வொருவரிடமும் சொல்வேன், இங்கேயும் திரும்பத் திரும்பச் சொல்வேன். பெரும்பாலான ஊர்களில் முகவரியில் வீட்டுக் கதவு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், உங்கள் பெயர், இதுதான் முகவரி. வாசல் அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் உங்கள் பெயர் ஒட்டியிருந்தால்தான் கடிதம் வரும். இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். வங்கி, காப்பீடு, வெளிநாட்டவர் அலுவலகம் எல்லாம் இன்னும் காகிதத்தில்தான் எழுதுகின்றன. வந்த முதல் நாளே பெயரை ஒட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு முறையாவது பெட்டியைத் திறந்து பாருங்கள்.

சைவம் கிடைக்குமா?

தாராளமாக. பல்கலைக்கழக உணவகங்களில் தினமும் சைவமும் வீகனும் உண்டு, குறியீடும் போட்டிருப்பார்கள். வெளியே சாப்பிடும்போது மட்டும் கேட்டு வாங்குங்கள். பார்க்கச் சைவமாக இருக்கும் உருளைக்கிழங்கு சாலட்டில் பொடிப்பொடியாகப் பன்றி இறைச்சி கலந்திருக்கும்.

வகுப்பறை எப்படி இருக்கும்? பேராசிரியரிடம் எப்படி நடந்துகொள்வது?

கால அட்டவணையில் 10 மணி என்றிருந்தால் பல இடங்களில் வகுப்பு 10:15-க்குத்தான் தொடங்கும். பக்கத்தில் 'சி.டி.' என்ற குறிப்பு இருந்தால் அந்தக் கால் மணி நேரச் சலுகை உண்டு என்று பொருள். 'எஸ்.டி.' என்றிருந்தால் சரியாகப் பத்து. சலுகை இருக்கிறதே என்று 10:17-க்குக் கதவைத் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

வகுப்பு முடிந்ததும் கை தட்ட மாட்டார்கள். முஷ்டியை மடக்கி மேசையைத் தட்டுவார்கள். நூறு பேர் ஒரே சமயத்தில் மரப்பலகையைத் தட்டும் சத்தத்தை முதல் தடவை கேட்கும்போது ஏதோ சண்டை என்றே தோன்றும். அதுதான் மரியாதை. நீங்களும் தட்டலாம்.

பேராசிரியர் உள்ளே வரும்போது யாரும் எழுந்து நிற்பதில்லை. ஆனால் மின்னஞ்சலில் அவர் பட்டத்தை விட்டுவிடாதீர்கள். 'இந்த நிறுவலில் மூன்றாம் வரி தவறு' என்று மாணவர் சொன்னால் அவர் கோபப்பட மாட்டார், கரும்பலகைக்குத் திரும்பிப் பார்ப்பார். அதே நேர்மையோடு அவரும் உங்கள் கட்டுரையைப் பற்றிப் பேசுவார். 'அறிமுகப் பகுதி தேறாது, மாற்றி எழுதுங்கள்' என்பதோடு நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவார். நம் பிள்ளைகள் இரவெல்லாம் தூங்க மாட்டார்கள். அவர் உங்களைத் திட்டவில்லை, கட்டுரையைத் திருத்தினார். திட்டு வராவிட்டால் அதுவே போதிய பாராட்டு என்று தென்மேற்கே ஸ்வேபியப் பகுதியில் பழமொழியே இருக்கிறது.

மதிப்பெண்ணும் தலைகீழ். 1.0 தான் முதலிடம், 4.0 தேர்ச்சி, 5.0 தோல்வி. வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பார்ட் டைம் வேலை கிடைக்குமா?

சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். கிடைப்பது ஊரையும் உங்கள் ஜெர்மன் மொழியையும் பொறுத்தது. வேலையை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு ஜெர்மன் நண்பர்கூட இல்லை. இவர்களுக்கு மனிதர்களே பிடிக்காதா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் மனம் விட்டுப்போய் அறைக்குள் முடங்குகிறார்கள்.

நம் ஊரில் ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் அரை மணி நேரத்தில் நம் சம்பளம் வரை கேட்டுவிடுவார். இங்கே தெரியாதவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பதுதான் அவருக்குக் காட்டும் மரியாதை. அவருடைய நேரத்துக்குள் நாம் நுழையவில்லை என்று பொருள். அதனால் பேருந்திலும் மாடிப்படியிலும் நட்பு கிடைக்காது.

கிடைக்கிற இடம் சங்கங்கள். ஜெர்மனியில் பதிவு செய்த சங்கங்கள் 6 லட்சத்துக்கும் மேல். பாட்டுக் குழு, மேசைப் பந்து, மலையேற்றம், தீயணைப்புத் தொண்டர் படை, முயல் வளர்ப்பவர்கள் என்று எல்லாவற்றுக்கும் ஒன்று உண்டு. பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் மாணவர்களுக்குக் கட்டணமும் மிகக் குறைவு. சூட்சுமம் ஒன்றுதான்: ஒரே கூட்டத்தோடு, வாராவாரம் அதே கிழமை, அதே நேரம். முதல் மாதம் வணக்கத்தோடு நிற்கும். அப்புறம் யாராவது 'போன வாரம் ஏன் வரவில்லை?' என்று கேட்பார்கள். கதவு அங்கேதான் திறக்கிறது. ட்ரெஸ்டனில் நான் சேர்ந்திருந்த பாட்டுக் குழுவில் பல மாதங்கள் பக்கத்தில் நின்று பாடிய பெண், நான் வீடு மாறிய அன்று தன் அண்ணனின் வேனோடு வந்து இறங்கினாள். யாரும் கேட்கவில்லை. அலமாரியைக் கழற்றி, திருகாணிகளை உறையில் போட்டு, எந்தக் கதவுக்கு எது என்று பென்சிலால் எழுதி வைத்தாள். இந்த ஊர் மனிதர்களின் அன்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும், வாய்ப்பேச்சாக வராது.

இன்னும் இரண்டு விஷயம். பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னால்கூடச் சொல்லாதீர்கள், அபசகுனம் என்று நினைப்பார்கள். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவர வேண்டியது நீங்கள்தான். 'யாருமே கொண்டாடவில்லை' என்று அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் எல்லோரும் அவர்களுடைய கேக்குக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

அப்புறம் மொழி. பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம். பாட்டுக் குழு இடைவேளைப் பேச்சு ஜெர்மனில்தான் நடக்கும்.

ஜெர்மன் தெரியாமல் பார்ட் டைம் வேலை கிடைக்குமா?

மேலே சொல்லிவிட்டேன்.

ஆகன் நகரில் முதலாண்டு படிக்கிறேன். ஞாயிறு காலை 9 மணிக்கு மிக்ஸியில் சட்னி அரைத்தேன். செவ்வாயன்று தபால் பெட்டியில் கையால் எழுதிய ஒரு கடிதம். 'ஞாயிறு முழுவதும் அமைதி நேரம், தயவுசெய்து கவனிக்கவும்' என்று கீழ்வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். வீட்டு விதிகளின் நகலும் வைத்து ஒரு வரியை அடிக்கோடிட்டிருக்கிறார். ரொம்ப அவமானமாக இருந்தது. நேரில் சொல்லக் கூடாதா?

தபால் பெட்டியைத் திறந்தீர்களே, அதற்கே பாராட்டு.

அவர் கடிதத்தில் பெயர் போட்டிருக்கிறாரா? போட்டிருந்தால் அவரளவில் அது நாகரிகமான வழி. கதவைத் தட்டினால் உங்களுக்குச் சங்கடம் என்று எழுதியிருப்பார். வீட்டு விதிகள் நீங்கள் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தின் பகுதி. பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரையிலும், ஞாயிறும் பண்டிகை நாட்களும் முழுக்கவும் அமைதி நேரம். பேசலாம், சமைக்கலாம், பாட்டும் கேட்கலாம், உங்கள் அறையைத் தாண்டிச் சத்தம் போகக் கூடாது. மிக்ஸி, துளைபோடும் மெஷின், வாக்யூம் கிளீனர் எல்லாம் வார நாட்களுக்கு. காலிக் கண்ணாடிப் பாட்டிலைத் தெருத் தொட்டியில் போடுவதுகூட ஞாயிற்றுக்கிழமை கூடாது.

ஒரு நாள் மாலையில் போய் மணியடியுங்கள். பெயர் சொல்லி, தெரியாமல் நடந்தது என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

(மியூனிக்கிலிருந்து ஒருவர்) அக்கா, இதில் மன்னிப்பு எதற்கு? இது இனவெறி. அவர்கள் தேவாலய மணியை ஞாயிறு காலையில்தானே அடிக்கிறார்கள்?

இல்லை தம்பி. ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போட்ட ஜெர்மன் மாணவனுக்கும் இதே கடிதம்தான் வந்திருக்கும். வழிபாட்டு மணிக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. மணி நேரத்தை அறிவிக்க அடிக்கும் மணிக்கு அது கிடையாது. அதன்மேல் வழக்குப் போட்ட ஜெர்மானியர்கள் நிறைய பேர் உண்டு. சத்தம் என்றால் தங்களுக்குள்ளேயே நீதிமன்றம் போகிறவர்கள் இவர்கள்.

(ஹம் நகரிலிருந்து ஓர் ஈழத்தமிழர்) பிள்ளை, நான் இஞ்ச வந்து முப்பது வருசத்துக்கு மேல. எங்கட கீழ்வீட்டு மனுசி முதல் வருசம் முழுக்கக் கடிதம்தான் எழுதினவ. பிறகு நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போகேக்க பிள்ளையளைப் பார்த்ததும் அவதான். ஆனா எல்லாக் கடிதமும் ஒண்டில்லை. 'உன்ர நாட்டுக்குப் போ' எண்டு எழுதினதையும் நான் கண்டிருக்கிறன். அந்தத் தம்பி சொல்லுறதையும் தள்ளிப்போடாதேங்கோ.

ஐயா சொல்வது சரி. நான் விட்டதைச் சேர்த்துச் சொல்லிவிட்டார். எப்படிப் பிரித்தறிவது என்றால், கடிதம் எதைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். மிக்ஸி, நேரம், விதி என்று பேசினால் அது அண்டை வீட்டுக் குறை. உங்கள் நிறம், உங்கள் நாடு, 'உங்கள் ஆட்கள்' என்று பேசினால் அது இனவெறி, அதற்கு மன்னிப்புக் கேட்கப் போகாதீர்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டு உரிமையாளருக்கு எழுதுங்கள், பல்கலைக்கழகத்தின் பாகுபாடு எதிர்ப்புப் பிரிவுக்கும் தெரிவியுங்கள். சம நடத்தைச் சட்டம் 2006-இல் வந்தது, வீட்டு வாடகையும் அதற்குள் வருகிறது. மிரட்டல் இருந்தால் நேரே போலீஸ்.

(மியூனிக்) என்ன சொன்னாலும் நீங்கள் அவர்கள் பக்கமே பேசுகிறீர்கள். காசு கொடுத்து வாடகைக்கு இருக்கிறோம், நம் வீட்டில் நாம் சமைக்கக் கூடாதா?

சமையலை யாரும் தடுக்கவில்லை. நான் யார் பக்கம் என்று கேட்டால், ஞாயிறன்று வீட்டில் இருக்க முடிகிற கடைக்காரப் பெண் பக்கம். நம் ஊர் ஜவுளிக்கடைகளில் பண்டிகைக் காலத்தில் வார விடுமுறைகூட இல்லாமல் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க முயற்சி நடக்கும்போதெல்லாம் தேவாலயங்களும் வெர்டி தொழிற்சங்கமும் ஒரே அணியில் நின்று எதிர்க்கின்றன. சனிக்கிழமை இரவு எட்டு, ஒன்பது மணி வரை பில் போட்ட பெண் ஞாயிறு காலையில் பிள்ளைகளோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறாள். மருத்துவமனையில் இரவுப்பணி முடித்தவர் பகலில் தூங்குகிறார். உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவராகக்கூட இருக்கலாம். அந்த அமைதியில் உங்களுக்கும் பங்கு உண்டு, தேர்வுக் காலத்தில் அதன் அருமை தெரியும்.

அப்போ அம்மி, உரல் கொண்டு வரலாமா?

எடை தாங்காது. சின்னக் கல் உரல் இங்கேயே கிடைக்கும். அடியில் மடித்த துண்டு போட்டு இடியுங்கள், இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்குக் கேட்கும்.

மிக்ஸி இத்தோடு போதும். வேறு கேளுங்கள்.

காலிப் பாட்டிலுக்குக் காசு தருவார்களாமே?

ஆமாம், நீங்கள் வாங்கும்போது கொடுத்த காசு அது. ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் 25 சென்ட், திரும்ப நிரப்பும் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 15, பீர் பாட்டிலுக்கு 8. சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் ரசீது வரும். நசுக்கிவிடாதீர்கள், மெஷின் ஏற்காது. திரும்பக் கொண்டுபோக முடியாவிட்டால் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வையுங்கள். பாட்டில் பொறுக்கி வாழும் முதியவர்கள் தொட்டிக்குள் கைவிட்டுத் தேட வேண்டாம் என்று இங்கே பலரும் அப்படித்தான் வைப்பார்கள்.

ட்ரெஸ்டன் பாதுகாப்பான ஊரா? கிழக்கு ஜெர்மனி வேண்டாம் என்கிறார்களே?

நான் படித்த ஊர், நேசிக்கிற ஊர். ஆனாலும் மறைக்காமல் சொல்கிறேன். 2014-இல் குடியேறிகளுக்கு எதிராகப் பெகிடா என்ற இயக்கத்தின் ஊர்வலங்கள் தொடங்கியது அங்கேதான். ஊர்வலம் நடக்கும் திங்கட்கிழமை மாலைகளில் நகர மையத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போன காலம் எனக்கும் உண்டு. டிராமில் முறைப்பும் முணுமுணுப்பும் நடக்கும். இரவில் தனியாக நடக்கும்போது எங்கேயும் கவனம் வேண்டும், அங்கே கொஞ்சம் கூடுதலாக.

அதே ஊரின் இன்னொரு முகத்தையும் பாருங்கள். 1945 பிப்ரவரி 13 இரவு விமானக் குண்டுவீச்சில் பழைய நகரம் எரிந்தது. அந்தத் துக்கத்தை நியோ நாஜிகள் தங்கள் ஊர்வலத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கியபோது, 2010 முதல் பொதுமக்கள் அதே நாளில் கைகோர்த்து மனிதச் சங்கிலி அமைக்கிறார்கள். பக்கத்தில் யார் நின்றாலும் கையுறை போட்ட கையை நீட்டுவார்கள். முடிந்தால் ஒரு வருஷம் போய் நில்லுங்கள்.

நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடுகளும் கண்ணில் படும். 'இங்கே வாழ்ந்தவர்' என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த ஆண்டு, எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று இருக்கும். நாஜிகள் இழுத்துச் சென்ற மனிதர்களின் வீட்டு வாசல்கள் அவை. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கியது, இன்று ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் பதித்திருக்கிறார்கள். 1938-இல் யூதர்கள்மேல் நாஜிகளின் வன்முறை வெடித்த இரவின் நினைவு நாளான நவம்பர் 9 அன்று மாலையில் அக்கம்பக்கத்தவர் வந்து தகடுகளைத் துடைப்பார்கள். என் தெருவில் ஒரு பாட்டி மடித்த செய்தித்தாளின் மேல் முழங்காலை ஊன்றி, பாத்திரம் தேய்க்கும் பஞ்சால் ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்துவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துப் போவார். தன் ஊர் செய்த கொடுமையைத் தன் வாசலிலேயே எழுதி வைத்துப் பளபளவென்று துலக்கும் பழக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்த நாட்டில் நான் மிகவும் மதிக்கிற விஷயம் இது.

ஸ்ட்ரிக்ட் வெஜிடேரியன், சாப்பாடு பிரச்சினை ஆகுமா அக்கா?

ஆகாது. இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.

டிவி, ரேடியோக் கட்டணம் என்று கடிதம் வந்திருக்கிறது. என்னிடம் டிவியே இல்லை, மோசடியா?

மோசடி இல்லை. மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு கட்டணம். ஒரே வீட்டைப் பகிர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். பேசாமல் விட்டால் அபராதத்தோடு அடுத்த கடிதம் வரும். தபால் பெட்டியைப் பற்றி நான் இத்தனை முறை சொல்வது இதற்காகத்தான்.

பார்ட் டைம் வேலைக்கு மாதம் எவ்வளவு கிடைக்கும்?

இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் கேளுங்கள்.

பக்கத்தில் கோயில் உண்டா?

டார்ட்முண்டிலிருந்து ரயிலில் போனால் ஹம் அதிக தூரமில்லை. அங்கே ஊன்ட்ராப் பகுதியில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, ஈழத்தமிழர்கள் எழுப்பியது, 2002-இல் குடமுழுக்கு. சுற்றிலும் தொழிற்பேட்டை, நடுவே கோபுரம். கோடையின் தொடக்கத்தில் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து பல்லாயிரம் பேர் வருவார்கள். காவடியும் பால்குடமும் போகிற சாலையில் உள்ளூர் ஜெர்மானியர்களும் ஓரமாக நின்று பார்ப்பார்கள். தேங்காய் உடைக்கும் இடத்தில் கூட்டம் அதிகம், செருப்பை எங்கே விட்டோம் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் டார்ட்முண்டில்தான் படிக்கிறான் அம்மா. நவம்பரிலிருந்து சரியாகப் பேசுவதே இல்லை. தூக்கம் வருகிறது என்கிறான். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். பயமாக இருக்கிறது.

அம்மா, டிசம்பரில் இங்கே காலை எட்டரை மணிக்குத்தான் விடிகிறது, மாலை நாலரைக்குள் இருட்டிவிடுகிறது. பல நாள் சூரியனே தெரியாது. முதல் குளிர்காலத்தில் நம் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஆகிறது. அதற்காகச் சும்மா விட்டுவிடவும் கூடாது.

பகலில் அரை மணி நேரமாவது வெளியே நடக்கச் சொல்லுங்கள், மேகமூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. மாணவர் நலனுக்கென்று இங்கே மனநல ஆலோசனை இலவசமாக உண்டு, ஆங்கிலத்திலும் பேசலாம், பேசியதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள், விசாவுக்கும் பாதிப்பு வராது. நீங்களே சொன்னால் கோபப்படுவான் என்றால் என் பெயரைச் சொல்லுங்கள், டார்ட்முண்டில் ஓர் அக்கா சொன்னாள் என்று. அவனுக்குச் சம்மதமானால் எனக்குத் தனியாக எழுதச் சொல்லுங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். சாப்பிடுவதில்லை, வகுப்புக்கே போவதில்லை, இருந்து என்ன பயன் என்பதுபோல் பேசுகிறான் என்றால் காத்திருக்காதீர்கள், அன்றே எழுதுங்கள்.

அப்புறம் மார்க் பற்றி இப்போதைக்குக் கேட்காதீர்கள். குளிர்காலத்தில் நமக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். ஞாயிறு மதியம் உங்களுக்கு 3 மணி ஆகும்போது இங்கே காலை பத்தரை. கடை இல்லை, வகுப்பு இல்லை, அறையில்தான் இருப்பான். அப்போது கூப்பிடுங்கள்.